செடிச்செவி சித்தர்

அந்த ஆண்டு பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி வட்டாரத்தில் செடிகளுக்குப் பேச்சு வந்துவிட்டது. அதே சமயத்தில் பல மனிதர்களுக்கு யோசனை நின்றுபோனது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் ஆராயவில்லை. வரிசையில் நிற்கவே நேரம் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள், மூடிக்கிடந்த பழைய அரிசி ஆலையின் வாசலில் நூறு பேராவது சேர்ந்துவிடுவார்கள். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் கத்தரிச் செடி. ஆட்டோவின் பின்சீட்டில் சாய்ந்தபடி முருங்கைக் கன்று. அதன் சொந்தக்காரர் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வருவார். சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள் ரோஜாச் சட்டியை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாராம். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

எல்லாச் செடிகளும் நுனி முதல் சட்டி வரை சிவப்புத் துணியால் மூடப்பட்டிருக்கும். அது முதல் விதி. "செடிக்கு வெட்கம் உண்டு. வழியில் நாலு பேர் பார்த்துவிட்டால் அப்புறம் வாயைத் திறக்காது" என்று செடிச்செவி சித்தர் சொல்லியிருந்தார். அந்தத் துணி ஆலை வாசலில் கிடைக்கும். வீட்டுத் துணி ஆகாது. அதில் தோஷம் இருக்கும். விற்கிற துணியில் என்ன இருக்கும் என்பதைச் சித்தர் சொல்லவில்லை.

சித்தருக்கு வீட்டில் வைத்த பெயர் பூபதிராஜா. ஐந்து வருடங்களுக்கு முன்பு அவர் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகாட்டிய இடங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். புழுதி வந்தது. புழுதியைத் தொடர்ந்து ஆட்களும் தேடி வந்தார்கள். அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. கிணறு காய்ந்தால் சண்டைக்கு வருவார்கள். செடி காய்ந்தால் வருத்தப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அன்றே தாடி வளர்க்கத் தொடங்கினார். காது இரண்டும் மறையும்படி பெரிய காவித் தலைப்பாகை கட்டினார். காதால் பிழைக்கிற மனிதர் காதை ஏன் மூடி வைத்திருக்கிறார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

செடி பேசுகிற விதம் இப்படி. மூடிய சட்டியைச் சித்தர் முன்னால் வைக்க வேண்டும். அவர் குனிந்து துணியின் மேல் தலையைச் சாய்ப்பார். "ம்... ம்... சொல்லு மகளே" என்பார். முற்றம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொள்ளும். பிறகு மெல்ல நிமிர்வார்.

"இது மிளகாய். நட்டு நாற்பது நாளாச்சு. இலை கிண்ணம் மாதிரி சுருண்டுபோச்சு. பூ வருது, நிக்க மாட்டேங்குது. சரியா?"

சொந்தக்காரருக்குக் கண் கலங்கிவிடும். துணியைத் திறக்கவேயில்லை! எப்படித் தெரிந்தது? அப்புறம் என்ன, சட்டியில் கட்ட ஒரு செம்புத் தகடு தருவார்கள். காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஜனங்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. வானம் அப்படி நடந்துகொண்டது. தை மாதத்தில் யாரும் கூப்பிடாமலேயே ஒரு வாரம் கொட்டித் தீர்த்தது. தக்காளி முழுக்க அழுகியது. ஆனியில் எல்லோரும் கூப்பிட்டார்கள், வரவில்லை. பங்குனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று, மாடியில் வைத்த கீரையை ஒரே மத்தியானத்தில் அப்பளமாக்கியது. செல்போன் மழை என்று சொன்ன நாளில் வெயில். வெயில் என்று சொன்ன நாளில் துணி நனைந்தது. வாடிய இலையை விவசாய அலுவலகமான கிருஷிபவனுக்குக் கொண்டுபோனால், "பூச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்து மருந்தை எழுதித் தந்துவிடுகிறார்கள். அதில் கதையும் இல்லை, குற்றவாளியும் இல்லை. சித்தரிடம் இரண்டும் கிடைத்தன.

ஆம், குற்றவாளியும்தான். தகட்டோடு விட்டிருந்தால் இதை ஒரு வேடிக்கையாக மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் யார் கண் பட்டதால் செடி வாடியது என்பதையும் செடி சொல்லத் தொடங்கியது.

பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் நஞ்சப்பனின் மனைவி துளசிமணி, மாடியில் நாற்பது குரோபேக் பைகளில் செடி வைத்திருந்தாள். கத்தரி, மிளகாய், வெண்டை என்று எல்லாம் அந்த வருடம் சுருண்டு கிடந்தன. அடுத்த வீட்டு மாரீஸ்வரியிடம் இருந்தவை பன்னிரண்டே பைகள். பன்னிரண்டும் காய்த்தன.

மாரீஸ்வரி மலைமேல் உடும்பஞ்சோலைப் பக்கத்துக்காரி. வண்டன்மேட்டில் ஏலக்காய் நாற்றுப் பண்ணையில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். புருஷனுக்கு லாரி ஓட்டும் வேலை இங்கே கிடைத்ததால், நாலு வருடமாக இந்தத் தெருவில் வாடகைக்கு இருந்தாள். பிள்ளை இல்லை. தெருவில் பாதி வீட்டுக் கத்தரி நாற்று அவள் கொடுத்தது. அவள் செடிக்கு என்ன செய்கிறாள் என்று அவளிடமே கேட்டிருக்கலாம். 'அவளுக்கு மட்டும் எப்படிக் காய்க்கிறது?' என்றுதான் கேட்டார்கள். அதையும் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள்.

துளசிமணியின் கத்தரிச் செடி சித்தரின் காதில் நீண்ட நேரம் பேசியது.

"மலையிலிருந்து இறங்கி வந்தவள். மடி காலியாக உள்ளவள். உன் செடியின் உயிரை உறிஞ்சித் தன் செடிக்கு ஊட்டுகிறாள். பெயர் மாரியில் தொடங்கும்" என்றார் சித்தர்.

அன்று சாயங்காலமே இரண்டு மாடிகளுக்கும் நடுவில் பச்சை வலை தொங்கியது. ஒரு வாரத்தில் அது தெரு முழுக்கப் பரவியது. மாரீஸ்வரி தண்ணீருக்குப் போனால் பெண்கள் ஓடிப்போய்ச் செடிகளின் மேல் பழைய வேட்டியைப் போட்டு மூடினார்கள். ஒருவர் தன் தென்னை மரத்தை மூட முடியாமல், அதற்கு முன்னால் தானே கைகளை விரித்து நின்றார். மாரீஸ்வரி கொடுத்த நாற்றுகளை ஒவ்வொருவராகப் பிடுங்கி அவள் கேட் முன்னால் போட்டார்கள். அவற்றில் சில பூ விட்டிருந்தன.

அவள் அந்தச் செடிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுச் சொந்தக்காரர் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. ஊருல பேச்சாயிருச்சு. மாசக் கடைசிக்குள்ள வேற ஊடு பாத்துக்கோணும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

புருஷன் சரக்கோடு சூரத் போயிருந்தான். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேசாம மலைக்கே போயிருவமா?" என்றான்.

"போனா, அவுக சொன்னது நெசம்னு ஆயிரும்" என்றாள் மாரீஸ்வரி. போனை வைத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் மாடிக்குப் போய் வலைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த ஆளுட்ட என் பேரை யாரு சொன்னது?"

"ஆரும் சொல்லல. செடியே சொல்லுச்சு" என்றாள் துளசிமணி, வலைக்கு அந்தப் பக்கமிருந்து.

"நீங்க வாயே தொறக்கலையா?"

"சாமிகிட்ட நான் ஒரு வார்த்தை பேசுல. அங்க வாசல்ல மோரு ஊத்தற புள்ளகிட்டச் சும்மா ஊட்டுக் கதை பேசீட்டு இருந்ததோட செரி."

மாரீஸ்வரி மாடியிலிருந்து இறங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வெறுங்கையோடு ஆலைக்குப் போனாள். வாசலுக்கு முன்னால் ஓலைப் பந்தல். அங்கே ஆனந்தி என்ற பெண் எல்லோருக்கும் இலவசமாக மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் வரிசையில் காய்கிறவர்களுக்கு அவள் தெய்வம். "குடிங்கண்ணா. என்ன செடிங்க? அடப் பாவமே! எத்தன நாளா இப்படி? பக்கத்துல ஆராச்சும் பொறாமை புடிச்சவிய இருக்கறாங்களா?" என்று அவ்வளவு அக்கறையாக விசாரித்தாள். வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்விகள். ஜனங்கள் கொட்டித் தீர்த்தார்கள்.

மாரீஸ்வரி கையை நீட்டினாள்.

"உங்க சட்டி எங்கீங்க?" என்றாள் ஆனந்தி.

"நான் சும்மா பாக்க வந்தேன்."

"சட்டி கொண்டாந்தவியளுக்குத்தானுங்க மோரு."

தாகத்துக்குச் சட்டி எதற்கு என்று மாரீஸ்வரி யோசித்தாள். அந்த முற்றத்தில் அன்று யோசித்தவள் அவள் ஒருத்திதான். ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். ஐந்தாறு பேருக்கு மோர் ஊற்றியதும் ஆனந்தி, "தீந்துபோச்சு, இருங்க" என்று குடத்தோடு ஆலையின் மோட்டார் அறைக்குள் போனாள். குடம் பாதி நிறைந்திருந்தது, நடக்கும்போது தளும்பியது. அவள் உள்ளே போன சிறிது நேரத்தில் சித்தர் செடிகளோடு சரளமாகப் பேசினார். அவள் வெளியே இருந்தபோது, "செடி தியானத்தில் இருக்கிறது, பொறுங்கள்" என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு மாரீஸ்வரி ஒரு சட்டியோடு வந்தாள். விதிப்படி சிவப்புத் துணி வாங்கி, நுனி தெரியாமல் மூடியிருந்தாள். ஆனந்தி மோரோடு வந்தாள்.

"என்ன செடிங்க்கா?"

"இதுக்குப் பேருன்னு தனியா ஒண்ணும் இல்லம்மா. கடையில வாங்குனது. ஏழு வருசமாச்சு."

"ஏழு வருஷமா! இப்ப என்னங்க அதுக்கு?"

"மழை பெஞ்சா நல்லா விரியும். போன ஆடிக் காத்துல ஒரு பக்கம் ஒடிஞ்சுபோச்சு. அதுலருந்து சுருங்குனது சுருங்குனதுதான்."

"பூவெல்லாம் உண்டுங்களா?"

"பூ நெறைய இருந்துச்சு. வெயில்ல வெளுத்துப்போச்சு."

"அய்யோ பாவம். ஆராச்சும் கண்ணு வெச்சிருப்பாங்களோ?"

"எங்க தெருவுல எல்லாரும் மாரீஸ்வரின்னு ஒருத்தியத்தான் சொல்லுதாக. மலைக்காரி. பக்கத்து வீட்டுக்காரவுக வலையே கட்டிட்டாக."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனந்தியின் மோர் தீர்ந்துபோனது. மோட்டார் அறைக்குள் போனாள்.

மாரீஸ்வரியின் முறை வந்தபோது நஞ்சப்பனும் துளசிமணியும் அப்போதுதான் வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். நஞ்சப்பன் கையில் மூடிய சட்டி. தெருக்காரர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவளைக் கண்டதும் அவர்கள் தங்கள் சட்டிகளை அணைத்துக்கொண்டார்கள்.

சித்தர் துணியின் மேல் தலையைச் சாய்த்தார். கண்களை மூடினார்.

"ம்... ஏழு ஆண்டு வாழ்ந்த உயிர். பூத்துக் குலுங்கிய உடம்பு. வெயில் அந்தப் பூவைக் குடித்துவிட்டது. ஆடிக் காற்றில் ஒரு கை ஒடிந்தது. மழை, மழை என்று ஏங்குகிறது. மழை வந்தால் விரிவேன் என்கிறது!"

கூட்டம் 'உச்' கொட்டியது.

"பொழைக்குமா சாமி?" என்றாள் மாரீஸ்வரி.

"வேர் நன்றாக ஓடியிருக்கிறது. தகடு கட்டினால் ஆவணியில் காய்க்கும்."

"காய்க்குமா!"

"இனிப்பான காய்."

"யாரு கண்ணு பட்டுச்சுன்னும் கேட்டுச் சொல்லுங்க சாமி."

சித்தர் மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"மாரீஸ்வரி! மலைக்காரி! அவள் நிழல் பட்டால் பச்சை கருகும். இந்த மாதத்தில் இந்தப் பெயரைச் சொல்லும் நாலாவது செடி இது. இப்போதுகூடத் தன் வீட்டில் உட்கார்ந்து உன் செடியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், பாவி!"

தெருக்காரர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. துளசிமணி புருஷனைப் பார்த்தாள். நஞ்சப்பன் சித்தரைப் பார்த்தார்.

"நாந்தான் மாரீஸ்வரி" என்றாள் அவள். "நான் எங்க வீட்டுல உக்காரல. உங்க முன்னால நிக்கேன்."

துணியைப் பிடித்து இழுத்தாள்.

சட்டி நிறைய மண். மண்ணில் கைப்பிடியைப் புதைத்து நட்டிருந்தது, பூப்போட்ட ஒரு பழைய குடை. ஒரு பக்கம் கம்பி ஒடிந்திருந்தது.

மழை வந்தால் விரியும் என்று சித்தர் சொன்னது என்னவோ உண்மைதான் என்பதை முதலில் புரிந்துகொண்டவர் பின்னாலிருந்து பெரிதாகச் சிரித்தார். சித்தருக்குப் பழக்கம் அதிகம். உடனே கைகளை உயர்த்தினார்.

"பார்த்தீர்களா அவள் சக்தியை! என் கண் முன்னாலேயே செடியைக் குடையாக்கிவிட்டாள்!"

முன்வரிசையில் மூன்று பேர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குடையை நோக்கி ஒருவர் கும்பிடவும் செய்தார். இப்படிப்பட்டவர்கள் இருக்கிற வரைக்கும் பூபதிராஜாக்களுக்கு வேலையில்லாத் திண்டாட்டம் வராது.

மாரீஸ்வரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இங்க மோர் குடிச்சவுக எல்லாரும், மோர் ஊத்துன புள்ளட்ட உங்க செடிக் கதையச் சொன்னீகளா, இல்லையா? குடைக் கதைய நானும் அவட்டத்தான் சொன்னேன். அதைத்தான் இவரு திருப்பிச் சொன்னாரு. மோர் குடிக்காதவுக சட்டி ஒண்ணே ஒண்ணை அவரு கேட்டுச் சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா, நான் இன்னைக்கே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருதேன்."

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வரிசையின் கடைசியிலிருந்து நஞ்சப்பன் சட்டியோடு முன்னால் வந்தார். துளசிமணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிற்கவில்லை. சட்டியைச் சித்தர் முன்னால் வைத்தார்.

"ஏனுங்க சாமி, இதக் கேட்டுச் சொல்லுங்க. நாங்க இன்னும் மோரு குடிக்கலீங்க."

சித்தர் குனிந்தார். வெகு நேரம் குனிந்தே இருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை துணிமேல் சொட்டியது.

"செடி கோபத்தில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்களிடம் பேசாது" என்றார்.

"என்ன செடின்னு மட்டுமாச்சும் சொல்லுங்க. அதுல என்னங்க கோபம்?"

"தக்காளி."

நஞ்சப்பன் துணியை எடுத்தார். பாகல் கொடி.

சித்தர் எழுந்தார். தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே மோட்டார் அறைப் பக்கம் வேகமாக நடந்தார். வழியில் யாரோ வைத்தியத்துக்குக் கொண்டுவந்த எலுமிச்சைச் செடி நின்றது. காற்றில் அதன் துணி நழுவியிருந்தது. அதன் முள் தலைப்பாகையில் மாட்டியது. அவர் முன்னால் போனார், தலைப்பாகை போகவில்லை. அந்த ஆலையில் அத்தனை மாதங்களில் முதன்முறையாக ஒரு செடி தன் கருத்தைத் தெரிவித்தது.

தலைப்பாகை அவிழ்ந்ததும் அவர் காதிலிருந்து கறுப்பாக ஒன்று தெறித்து விழுந்தது. நஞ்சப்பன் அதை எடுத்துத் தன் காதில் வைத்தார். வைத்தவருக்கு ஞானம் வந்துவிட்டது.

"ஏனுங்க, கேக்குதுங்களா?" என்று காதில் கேட்டதை அப்படியே உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். "அடுத்தது பச்சைச் சேலை. கறிவேப்பிலை. புள்ளிபுள்ளியா கருகுது. மாமியாருமேல சந்தேகம்."

பச்சைச் சேலைக்காரி சட்டியை அப்படியே கீழே வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாமியார் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். அந்த வீட்டில் அன்று இரவு சோறு வெந்ததா என்று எனக்குத் தெரியாது.

நாலு பேர் மோட்டார் அறைக் கதவைத் திறந்தார்கள். போனைக் காதில் வைத்து, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள் ஆனந்தி. பக்கத்தில் மோர்க்குடம். அவள் பூபதிராஜாவின் சம்சாரம் என்பது அப்புறம் தெரிந்தது. சற்று முன்பு கன்னத்தில் போட்டுக்கொண்ட மூன்று பேர்தான் முதலில் சித்தரை அடிக்கக் கையை ஓங்கினார்கள்.

"அடிக்காதீக" என்று மாரீஸ்வரி குறுக்கே நின்றாள். "அடிச்சா பாவம் பாப்பீக. பாவம் பாத்து ஒரு பீடம் கட்டுவீக. போலீசைக் கூப்பிடுங்க, போதும்."

போலீஸ் வந்தது. சித்தர் ஜீப்பில் ஏறும்போது அவரை மறுபடி பூபதிராஜா என்று கூப்பிட்டார்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்து, "ஊடெல்லாம் மாத்த வேண்டாமுங்க அம்மிணி" என்றார். முன்பு சொன்னதை யாரோ வேறு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது அவர் பேச்சு. சாயங்காலம் துளசிமணி ஒரு கத்தரிச் செடியைத் தூக்கிக்கொண்டு கேட் அருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"இதையக் கொஞ்சம் பாரு கண்ணு" என்றாள்.

மாரீஸ்வரி உடனே பார்க்கவில்லை.

"நாலு வருசமா ஒண்ணா உக்காந்து கீரை ஆஞ்சோம்க்கா. எவனோ காதுல கேட்டதுன்னு ஒண்ணைச் சொன்னான். நீங்க எம்மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

துளசிமணி சட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். "கேக்கோணும்னு தோணவே இல்ல" என்றாள். அவளால் சொல்ல முடிந்த மிகப்பெரிய உண்மை அதுதான்.

மாரீஸ்வரி ஒரு இலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். அடிப்புறத்தில் நரம்புகளுக்கிடையில் பொடிப்பொடியாக ஏதோ ஊர்ந்தது.

"இலைப்பேனு. ஏலச் செடியிலயும் இதே தொந்தரவுதான். வெயிலு கூடக்கூட இதுவும் பெருகும். தெனமும் காலையில நான் இலைக்கு அடியில பாப்பேன். தண்ணியப் பீச்சிக் கழுவுவேன். வாரம் ஒருக்கா வேப்பெண்ணெய். கிருஷிபவன்ல எழுதிக் குடுத்ததும் அதேதான். இவ்வளவுதான் என் மந்திரம்."

"இதத்தான் நீ செஞ்சுட்டு இருந்தியா?"

"கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

துளசிமணி அன்றைக்கே வலையை அவிழ்த்தாள். மாரீஸ்வரி பழையபடி அந்த மாடிக்குப் போக இன்னும் ஒன்றரை மாதம் ஆயிற்று. நாற்றுக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். ஆனால் பிடுங்கிப் போட்டது யார் யார் என்பது அவளுக்கு நினைவிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. சித்திரையில் பெய்த ஆலங்கட்டி மழையில் துளசிமணியின் வெண்டையும் போயிற்று, மாரீஸ்வரியின் வெண்டையும் போயிற்று. அதற்கு யார் கண்ணும் காரணம் இல்லை என்று ஒத்துக்கொள்ளச் சிலருக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பூபதிராஜா ஜாமீனில் வந்துவிட்டார். எந்த ஊரில் என்ன தலைப்பாகையோடு இருக்கிறாரோ, தெரியாது. உங்கள் ஊராகவும் இருக்கலாம். ஆகவே அய்யா, அம்மா, உங்கள் செடி வாடினால் முதலில் இலையைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் வேரைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் வானத்தைப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரியைப் பார்க்காதீர்கள். அவள் தலைமேலும் அதே வெயில்தான் காய்கிறது.